இரண்டு மீட்டர் முப்பது

கணவன் விதோயே கட்டிக்கொண்டிருந்த கொட்டகையின் தூண்கள் தேவைக்கு மேல் உயரமாக இருப்பதை நெவெங்கா கவனித்தது அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை, துணி உலர்த்தும்போது. கட்டுகிறவன் ஒரு மீட்டர் அறுபத்து நாலு. அது குதிகால் உயர்ந்த செருப்போடு சேர்த்து. கொட்டகையோ கொல்லையில் நிற்கும், இறைச்சி சுடுகிற கிரில்லுக்கு. பழைய எண்ணெய்ப் பீப்பாயை நெடுக்காக அறுத்து, நாலு கால் பற்றவைத்து, விதோயே தன் கையால் செய்த கிரில் அது. ஆளின் இடுப்புக்குத்தான் வரும். இடுப்பு உயர அடுப்புக்கும் தோள் உயர மனிதனுக்கும் இத்தனை பெரிய தூண் எதற்கு?

"என்ன, நாரைக்கா கூடு கட்டுற?" என்று கேட்டாள்.

"புகை போக வேண்டாமா?" விதோயே ஏணியிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இனிமே மழையாவது பனியாவது, வருஷம் பூரா நான் வெளியில நின்னுதான் சுடப்போறேன். குளிர்காலம் வந்தா சட்டியில வறுத்துத் திங்கிற பொழப்பு இந்த வீட்டுல இனி கிடையாது."

நெவெங்காவுக்கும் அது நல்ல சேதிதான். லெஸ்கோவாட்ஸ் பக்கத்து ஆண்கள் எதை விட்டுக்கொடுத்தாலும் கிரில்லை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். வெந்நீர் வைக்கத் தெரியாதவன்கூட மூன்று வகை இறைச்சியைக் கையால் பிசைந்து, விரல் விரலாக உருட்டி, தணலைப் பார்த்தே நேரம் சொல்லுவான். விதோயே முப்பத்தோரு வருஷம் பேருந்து ஓட்டி, அந்த வசந்தத்தில்தான் ஓய்வு பெற்றிருந்தான். பனி விழுந்து கிரில்லின் மேல் தார்ப்பாய் ஏறிவிட்டால், அவன் சமையலறைக்குள் வந்து உட்கார்ந்து அவள் உப்புப் போடுவதைக் குறை சொல்லுவான். அதற்குக் கொல்லையில் நின்று அவன் பனியோடு மல்லுக்கட்டட்டும், எவ்வளவோ மேல்.

ஆனால் தூண்கள் மட்டும் அவள் மனதை விட்டுப் போகவில்லை. விதோயே சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் நேரம் பார்த்து, தையல்பெட்டியிலிருந்து நாடாவை எடுத்துப்போய் அளந்தாள். தரையிலிருந்து உத்தரம் வரை இரண்டு மீட்டர் முப்பது. இன்னொரு முறை அளந்தாள். அதேதான்.

அவர்களுக்குத் தெரிந்தவர்களில் அந்த உயரம் தேவைப்படுகிற ஆள் ஒருவன்தான். ஸ்தாமென்கோ. வெறும் தலையோடு இரண்டு மீட்டருக்கு இரண்டு விரல் குறைவு. குளிர்காலத்தில் ஆட்டுத்தோல் தொப்பி போட்டால் கேட்கவே வேண்டாம். இந்த வீட்டுச் சமையலறை நிலையில் முப்பது வருஷம் நெற்றியை இடித்து இடித்து, அந்த இடத்தில் மரமே வழவழவென்று ஆகிவிட்டது. ஸ்தாமென்கோ அவர்களுடைய கும். அவர்கள் கல்யாணத்தில் பக்கத்தில் நின்று சாட்சி சொன்னவன், அவர்கள் மகனைத் திருமுழுக்கில் கையில் ஏந்திப் பெயர் வைத்தவன். அண்ணன் தம்பியோடு பேச்சை நிறுத்தினால் ஊர் அதைக் குடும்பச் சண்டை என்று விட்டுவிடும். கும்மோடு நிறுத்தினால் பாவம் என்று சொல்லும்.

அந்தப் பாவம் நடந்து மூன்று வருஷம் ஆகப்போகிறது.

நடந்தது என்னவோ ஒரு கிரில்லால்தான். ஜனவரி இருபது, திருமுழுக்கு யோவான் நாள், விதோயே வீட்டு ஸ்லாவா. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புனிதர், அவருக்கு வருஷத்தில் ஒரு நாள், அன்று வாசல் திறந்தே கிடக்கும். அந்த வருஷம் பனியும் மழையும் கலந்து கொட்டியது. விதோயே ஒரு கையில் குடை, ஒரு கையில் இடுக்கி என்று பிடிவாதமாகக் கொல்லையில் நின்றான். நனைந்த சட்டையை மாற்ற இரண்டு நிமிஷம் உள்ளே போனான். திரும்பி வந்து பார்த்தால் கிரில்லைக் காணோம். ஸ்தாமென்கோ அதைத் தணலோடு அப்படியே தூக்கிக்கொண்டு போய் டிராக்டர் கொட்டகைத் தாழ்வாரத்தில் வைத்து, குனிந்து நின்று, இறைச்சியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தான். நல்லதற்குத்தான் செய்தான். ஆனால் அடுத்தவன் கிரில்லில், அடுத்தவன் வீட்டு ஸ்லாவாவில், இருபது விருந்தாளிகள் ஜன்னல் வழியாகப் பார்க்க!

"இதெல்லாம் உன் வீட்டுல போய்ப் பண்ணு!" என்று கத்தினான் விதோயே.

வாயிலிருந்து விழுந்த சொல்லைப் பொறுக்கி எடுக்க முடியுமா? ஸ்தாமென்கோ இடுக்கியைக் கீழே வைத்தான், மனைவி பெர்சிதாவைக் கூப்பிட்டான், தொப்பியைக்கூட எடுக்காமல் மழையில் நடந்து வண்டியேறினான். அடுத்த வருஷ ஸ்லாவாவுக்கு வரவில்லை. அதற்கடுத்த வருஷமும் இல்லை.

கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்கக் கூடாது. ஸ்லாவாவுக்கு யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. உறவுள்ளவன் தானாக வருவான். அழைப்பு வைத்தால் அவனை அந்நியன் ஆக்கியதாக அர்த்தம். அதனால் இரண்டு வருஷமும் நெவெங்கா செய்ய முடிந்தது ஒன்றே ஒன்றுதான். மேசையில் இரண்டு தட்டு கூடுதலாக வைத்தாள். சாயங்காலம் அவற்றைக் கழுவாமலே எடுத்து அடுக்கினாள். விதோயே அதைப் பார்த்தான். பெர்சிதாவை அவள் சந்தையில்தான் பார்ப்பாள். இருவரும் மிளகாய் நாற்றுப் பற்றியும் முழங்கால் வலி பற்றியும் பேசிவிட்டு, கண் கலங்குவதற்குள் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். நெவெங்காவுக்கு உலகத்தில் வேறு தோழி கிடையாது. மகன் வியன்னாவில். மூன்றாவது ஜனவரியும் இப்படியே போனால் பிறகு அது பழகிவிடும் என்றுதான் அவள் பயந்தாள்.

நவம்பரில் விதோயே கொட்டகைக்குப் பலகை அடிக்க ஆரம்பித்தான். வடக்கே அடித்தான், மேற்கே அடித்தான். கிழக்கையும் அடைத்தபோது அவளுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. ஊடுகாற்றுக்கு, ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் போகிற காற்றுக்கு, இந்த நாட்டில் பயப்படாதவர்கள் குறைவு. பல்வலி, பிடரி வலி, மலட்டுத்தனம் எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம். விதோயே மட்டும் பேருந்தின் எல்லாக் கதவையும் திறந்து வைத்து ஓட்டி, பயணிகளிடம் வசவு வாங்கியவன். ஸ்தாமென்கோவோ ஆகஸ்ட் மாதத்திலும் இடுப்பில் கம்பளிப் பட்டை கட்டுகிறவன். இரண்டு ஜன்னல் எதிரெதிரே திறந்திருந்தால் அந்த அறையில் கால் வைக்க மாட்டான்.

"யாருக்கு ஊடுகாத்து அடிக்கும்னு இத்தனை பலகை?" என்று அவள் சும்மா வாயைக் கிளறினாள்.

"கரிக்கு."

"கரிக்கு இடுப்புப் பிடிக்குமோ?"

"உனக்கு அடுப்புல வேலை இல்லையா?"

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். இந்த மனிதனுக்கு மன்னிப்புக் கேட்க வாய் வராது, கையால்தான் வரும். அந்தக் கொட்டகை முழுக்க ஒரு மன்னிப்பு. ஆனால் நகரத்தில் இருக்கிறவனுக்கு அது எப்படித் தெரியும்?

டிசம்பர் முதல் வாரம் முதல் பனி விழுந்தது. நாலாவது பக்கம் பனி உள்ளே வீசாமல் இருக்க ஒரு பழைய லாரிப் படுதாவைத் தொங்கவிட்டு, விதோயே வெள்ளோட்டம் பார்த்தான். முதலில் மிளகாய், அப்புறம் இறைச்சி. கொழுப்பு தணலில் சொட்டியதும் புகை எழும்பியது, கூரையை முட்டியது, போக வழியில்லாமல் திரும்பி இறங்கியது. உள்ளே இருமல் சத்தம் மட்டும் கேட்டது. எதிர்வீட்டுக்காரி வீடு பற்றிக்கொண்டது என்று வாளித் தண்ணீரோடு ஓடிவந்து, படுதாவை விலக்கி, கிரில் மேலும் விதோயே மேலும் சரிபாதியாக ஊற்றினாள்.

சாயங்காலம் அவன் மேசைக்கு வந்தபோது கண் இரண்டும் சிவந்திருந்தன. புருவத்தில் பாதி இல்லை.

"ஒரு பலகையைப் பிடுங்கிரு," என்றாள் நெவெங்கா.

"பிடுங்கினா காத்து வரும்."

"அப்ப மேல தகரத்துல ஒரு புகைக்கூண்டு வைக்கணும்."

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். தகரத்தில் புகைக்கூண்டு என்றால் அந்த வட்டாரம் முழுவதற்கும் ஒரே ஆள்தான். பேக்கரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பாதிரியார் வீட்டுக்கும் கூண்டு போட்டவன் தகரக்காரன் ஸ்தாமென்கோ.

"அவன்கிட்ட கேட்கறதுக்கு நான் புகையிலேயே கிடந்து கருவாடாப் போறேன்," என்று சொல்லிவிட்டு விதோயே படுக்கப் போனான்.

மறுநாள் காலை பத்து மணி பஸ்ஸில், பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டு நெவெங்கா நகரத்துக்குப் போனாள்.

பட்டறையில் ஸ்தாமென்கோ ஒரு மழைநீர்க் குழாயை மடக்கிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் சுத்தியலை வைத்தான். மூன்று வருஷத்தில் தலை முழுக்க வெளுத்திருந்தது. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது அவளுக்கு. அங்கேயே நின்றாள்.

"பெர்சிதா வீட்ல இல்ல. சந்தைக்குப் போயிருக்கா," என்றான்.

"நான் உன்கிட்டதான் வந்தேன் குமே. ஒரு புகைக்கூண்டு பண்ணணும்."

"எதுக்கு?"

"கிரில்லுக்கு. உனக்குத் தெரிஞ்ச கிரில்தான்."

"அவன் அனுப்பினானா?"

"தெரிஞ்சா என்னையும் சேர்த்துச் சுட்டுருவான். மேல கொட்டகை போட்டிருக்கான். நேத்து உள்ள நின்னு சுட்டான். இப்ப புருவம் இல்ல."

ஸ்தாமென்கோவின் மீசை லேசாக ஆடியது. சட்டென்று முகத்தை இறுக்கிக்கொண்டான். பென்சிலைக் காதிலிருந்து எடுத்தான். "அளவு சொல்லு."

அவள் நீளம் சொன்னாள், அகலம் சொன்னாள். அவன் ஒரு தகரத் துண்டில் குறித்துக்கொண்டே வந்தான்.

"உத்தரம் எவ்வளவு உசரம்?"

"ரெண்டு மீட்டர் முப்பது."

பென்சில் நின்றது. "தப்பா அளந்திருக்க."

"ரெண்டு தரம் அளந்தேன்."

"எனக்குத் தெரியாதா அவனை? உங்க கல்யாணப் போட்டோவுல என் மார்புப் பைக்குக் கீழ நிக்கிறான். அவனுக்கு எதுக்கு ரெண்டு முப்பது?"

"எனக்கென்ன தெரியும்? கட்டினவனுக்குத்தான் தெரியும்."

"எத்தனை பக்கம் அடைப்பு?"

"மூணு. தெக்கு மட்டும் திறப்பு. அதுக்கும் படுதா."

"ஊடுகாத்துன்னா பல்லைக் காட்டிச் சிரிக்கிறவனாச்சே அவன்!"

"இப்பவும் சிரிக்கிறான்."

ஸ்தாமென்கோ தகரத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றான். வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்துவிட்டுப் போனது. எப்போது வேண்டும் என்று அவன் கேட்டபோது, இருபதாம் தேதிக்குள் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். சொன்னால் அது அழைப்பு ஆகிவிடும். விழுங்கிக்கொண்டாள்.

"முடியறப்ப," என்றாள்.

"வேலை நிறைய இருக்கு. சொல்ல முடியாது," என்றான் அவன்.

பஸ்ஸில் திரும்பும்போது, மன்னிப்பை மீட்டர் கணக்கில் சொல்லிவிட்டு வந்த முட்டாள் உலகத்திலேயே தான் ஒருத்திதான் என்று அவளுக்குத் தோன்றியது.

டிசம்பர் போயிற்று. பழைய நாட்காட்டிக் கிறிஸ்துமஸ் ஜனவரி ஏழில் வந்து போயிற்று. கூண்டும் வரவில்லை, ஆளும் வரவில்லை. விதோயே படுதாவைச் சுருட்டி மேலே கட்டினான், ஒரு பலகையைக் கழற்றினான், மறுநாள் அதையே திரும்ப அடித்தான். ஸ்லாவா நெருங்க நெருங்க அவன் வாசல் பக்கம் போவதும் வருவதுமாக இருந்தான். பனி தள்ளுவதாகப் பெயர். தள்ளுவதற்கு அங்கே பனியே இல்லை.

பத்தொன்பதாம் தேதி ஆண்டவர் திருமுழுக்கு நாள். ஊர் மொத்தமும் ஆற்றங்கரையில். பாதிரியார் ஐஸ் தண்ணீரில் சிலுவையை எறிவார், இளவட்டங்கள் நீந்தி எடுப்பார்கள், மற்றவர்கள் கரையில் நின்று ராக்கியா என்ற பழச்சாராயத்தைக் குடித்து அவர்களுக்காக நடுங்குவார்கள். நெவெங்கா மறுநாளைக்கு முட்டைக்கோஸ் இலையில் இறைச்சி சுருட்டிக்கொண்டிருந்தாள். விதோயே கரி அள்ளிக்கொண்டிருந்தான். காலியான தெருவில் ஒரு வேன் வந்து நின்றது.

ஸ்தாமென்கோ இறங்கினான். ஊரில் ஒரு கண்ணும் இல்லாத நேரம் பார்த்துத்தான் வந்திருக்கிறான், கள்ளன். பின்கதவைத் திறந்து பளபளவென்று ஒரு தகரக் கூண்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு, வீட்டுப் பக்கம் திரும்பாமல், நேரே கொல்லைக்கு நடந்தான்.

விதோயே கரிவாளியோடு அப்படியே நின்றான்.

"ஆர்டர்," என்றான் ஸ்தாமென்கோ. "ஏணி எங்க?"

விதோயே சமையலறை ஜன்னலைப் பார்த்து முறைத்தான். நெவெங்கா முட்டைக்கோஸுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டாள். பிறகு அவன் ஏணியை எடுத்து வந்தான்.

ஒரு மணி நேரம் சுத்தியல் சத்தமும் திட்டும் கேட்டது.

"இதையா உத்தரம்னு வச்சிருக்க? பாலத்துக்குப் போடுற கட்டை!"

"பிடிக்கலைன்னா நீ சாயாத அதுல."

"இன்னும் கொஞ்சம் தூக்கு."

"எவ்வளவு தூக்குறது? நான் வளர்ந்தது இவ்வளவுதான்!"

"திருமுழுக்கு நாள்ல ஆணி அடிக்க வச்சுட்ட. பாவத்துல பாதி உனக்கு."

"முழுசும் உனக்குத்தான். நானா வரச் சொன்னேன்?"

அதோடு சுத்தியல் நின்றது. நெவெங்கா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே ஓடினாள். கூண்டு மாட்டியாகிவிட்டது. விதோயே அதன் கீழே நின்றிருந்தான். புகைவழியைத் திறந்து மூட அடியிலிருந்த காற்றுத் தகட்டின் கைப்பிடி, எம்பாமலும் குனியாமலும், சரியாக அவன் கைக்கு வந்தது. அப்படி வர வேண்டும் என்றால் கூண்டு எவ்வளவு தாழ்வாகத் தொங்க வேண்டும்? ஸ்தாமென்கோ ஏணியிலிருந்து இறங்கி இரண்டடி நடந்தான், கூண்டின் விளிம்பில் நெற்றியை இடித்துக்கொண்டான். கோயில் மணி மாதிரி ஒலித்தது தகரம்.

"உனக்காக நான் கூரையை ஏத்தினா," என்றான் விதோயே, "நீ எனக்காகக் கீழ இறக்கிட்டியேடா, மடையா!"

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவனுக்கே உறைத்தது. காது வரை சிவந்து போனான். ஸ்தாமென்கோ நெற்றியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினான், இவனும் சிரித்தான், இரண்டு பேரும் அந்தக் கொட்டகைக்குள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நெவெங்கா ராக்கியாவும் மூன்று கிண்ணமும் கொண்டுவந்தாள். நின்றபடியே குடித்தார்கள். நாளை என்ன நாள் என்று மூன்று பேருக்கும் தெரியும், ஒருவரும் அதைப் பேசவில்லை.

ஸ்தாமென்கோ வேனில் ஏறிச் சாவியைத் திருப்பினான். விதோயே வாசலில் வாயைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். பிறகு, அவனுடைய அப்பனும் பாட்டனும் ஆயுளில் செய்யாத காரியத்தைச் செய்தான்.

"குமே! நாளைக்கு வா."

வேன் எஞ்சின் அணைந்தது. ஸ்தாமென்கோ கதவைத் திறந்து கீழே இறங்கினான். முகம் இறுகியிருந்தது.

"ஸ்லாவாவுக்குக் கும்மை அழைக்கிறவன் உலகத்துல உண்டா? நான் என்ன உனக்கு மின்சார மீட்டர் பாக்க வர்ற ஆளா?"

"அழைக்காம இருந்தேனே, நீ வரலையே!" என்றான் விதோயே. "ரெண்டு வருஷம். ரெண்டு வருஷமும் இவ தட்டு வச்சா. நான் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். அன்னிக்குப் பேசினது தப்புடா. நாக்கு அழுகிப்போக!"

ஸ்தாமென்கோ தரையைப் பார்த்தான்.

"வரலைன்னு யார் சொன்னது?" என்றான் மெதுவாக. "ரெண்டு வருஷமும் வந்தோம். அந்த மில் வளைவு வரைக்கும். பெர்சிதா மடியில வால்நட் கேக். உன் வாசல்ல வண்டியா நின்னுது. உள்ள வந்தா எல்லாரும் பேச்சை நிறுத்திட்டு என்னையே பார்ப்பாங்கன்னு தோணுச்சு. கொஞ்ச நேரம் நின்னோம். அப்புறம் திரும்பிட்டோம். கேக்கை வண்டியிலேயே தின்னோம், ரெண்டு பேரும் அழுதுக்கிட்டே."

நெவெங்கா விறகு பிளக்கும் கட்டையில் உட்கார்ந்து, கொழுப்பு வாடை போகாத கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு, சத்தம் போட்டு அழுதாள். இரண்டு வருஷமும் அவள் சமையலறை ஜன்னலை விட்டு நகரவில்லை. அந்த ஜன்னலிலிருந்து மில் வளைவு தெரியாது. இருநூறு மீட்டர்! எழுந்து வாசலுக்கு வந்திருந்தால் பார்த்திருப்பாள். இரண்டு ஆண்களும் என்ன செய்வதென்று தெரியாமல், பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளாக அவள் முன்னால் நின்றார்கள்.

"நெவெங்கா," என்றான் விதோயே. "நாளைக்குத்தான் வர்றானே. அழாத."

"நாளைக்கு வர்றது புனிதருக்கு," அவள் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் மூக்கைத் துடைத்தாள். "எனக்கு இன்னிக்கே வேணும். போய்ப் பெர்சிதாவைக் கூட்டிட்டு வாங்க. ரெண்டு பேரும் போங்க."

"எதுக்கு ரெண்டு பேரு? நான் ஒருத்தனே போய்க் கூட்டிட்டு வர்றேன் நெவெங்கா," என்றான் ஸ்தாமென்கோ.

"ஒருத்தனா அனுப்பினா வளைவுலயே திரும்பிருவீங்க. ஏறுங்கடா வண்டியில!"

இருவரும் மறுபேச்சில்லாமல் ஏறினார்கள். வண்டி மில் வளைவைத் தாண்டி மறையும் வரை நெவெங்கா நடுத்தெருவில் நின்று பார்த்தாள். பிறகு, இரண்டு பேருக்கு வைத்திருந்த உலையில் இன்னும் இரண்டு பேருக்குப் போட உள்ளே போனாள்.